மார்கழிப் பனியும் மாண்ட்ரியால் பனியும்

"மருமகளுக்குப் பிரசவம். ஜனவரியில் கனடா கிளம்புகிறோம். குளிரெல்லாம் நாலு நாளில் பழகிவிடும்தானே சார்?" போன வாரம் திருக்கோகர்ணம் கோயில் வாசலில் ஒரு நண்பர் கேட்டார். அவரும் என்னைப் போல் பென்ஷன்காரர்.

பழகாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நாங்களும் இதே காரியத்துக்காக மாண்ட்ரியால் போனோம். அந்த ஊரில் பேச்சு பிரெஞ்சு. நானோ சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்து, பனியைப் பற்றி எத்தனை 'சொல்வதெழுதல்' எழுதியிருக்கிறேன்! வானத்திலிருந்து விழும் பனி 'நேஜ்', தரையில் கண்ணாடி போல் உறைந்து கிடப்பது 'வெர்க்லா' என்று அப்போதே மனப்பாடம். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு நாள் காலை ரேடியோவில் வெர்க்லா என்று எச்சரித்தார்கள். "என்னங்க சொல்றான்?" என்றாள் மனைவி. "ஒண்ணுமில்ல, பனியாம்" என்றேன். நமக்கு மார்கழியில் புல் நுனியில் நிற்பதும் பனிதானே! பிள்ளை வாங்கி வைத்த பூட்ஸ் இருக்க, சாதாச் செருப்போடு குப்பை போட வெளியே போனாள். இரண்டாம் படியில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. பேத்தியைத் தூக்கப் போனவள் ஆறு வாரம் மாவுக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் உறுத்துகிறது.

மைனஸ் 20 டிகிரியெல்லாம் அங்கே அதிசயமில்லை. நமக்கு இங்கே பிளஸ் 20க்கே குரங்குக் குல்லா! எழுபது வயது உடம்பு இதற்கு எப்படிப் பழகும்? அங்கே பிறந்தவர்களே உடம்பை நம்பாமல் உடுப்பைத்தான் நம்புகிறார்கள்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்தில் வந்தவர்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்லித்தர அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அப்படி வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். "ஐயா, குளிரோட வீரம் காட்டாதேங்கோ" என்று அவர் எடுத்த பாடம் இது:

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு. வழுக்கும் தரையில் பாதம் முழுவதும் பதித்துச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். விரல் மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் வாசலில் குவிந்த பனியை வாரித் தள்ளவே கூடாது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அதோடு அந்த வேலையும் சேர்ந்தால் மாரடைப்பில் கொண்டுபோய் விடும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளை முகம் பார்க்க எந்தக் குளிரிலும் போகலாம். பிள்ளைகள் வாங்கி வைத்ததை "எதுக்குப்பா தெண்டச் செலவு" என்று ஒதுக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் "வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கு, சும்மா வாங்க" என்று மழுப்பாமல், உள்ளதைச் சொல்லி அழையுங்கள்.

நேற்று நண்பர் போன் செய்தார். பூட்ஸ் வாங்க இருவர் கால் அளவையும் பிள்ளைக்கு அனுப்பிவிட்டாராம். எனக்கு நிம்மதி.