குளத்து மீனும் மருந்துக் கெடுவும்

நாஞ்சில் நாட்டு ஊர்களில், பாசனக் குளத்தையே மீன் வளர்ப்புக்கும் குத்தகைக்கு விடுவதுண்டு. கட்லா, ரோகு முதலிய கெண்டை இனங்களில் நோய் கண்டதும், குத்தகைக்காரர் சிலர் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைக் கலந்திட்டு, மீன் சாகுமுன் விற்றுவிடக் கருதி மறுவாரமே வலை இழுக்கின்றனர். இது தகாத காரியம்.

வாய்வழி கொடுத்த இம்மருந்து உடலில் சேருவது மிகச் சொற்பம். கெண்டையின் இரத்தத்தில் கலந்தது 100-க்கு 1 பங்கிலும் குறைவென்று ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. எஞ்சியது மலத்தோடு சேற்றிலிறங்கி, அங்குள்ள கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக்கக்கூடும். அக்குளத்து நீரே வயலுக்கும் பாய்கிறது. உடலிற் சேர்ந்த சொற்பமோ பித்தத்தாலும் சிறுநீரகத்தாலும் மெல்லக் கழிகிறது. எலும்பிலும் செதிலிலும் நெடுநாள் தங்குகிறது.

மீனின் உடற்சூடு நீரின் சூட்டையே பொறுத்ததாகலின், குளிர்நீரில் மருந்து தாமதமாகவும் வெப்பநீரில் விரைவாகவும் நீங்கும். ஐரோப்பாவில் 2001-ஆம் ஆண்டு விதி, மீனுக்கெனத் தனிக் கெடு குறிக்கப்படாத மருந்துக்கு, நீரின் சூட்டை நாட்களாற் பெருக்கி 500-க்குக் குறையாத கெடு வைத்தது. 28 டிகிரி நீரில் அது 18 நாள். நம் குளம் வெதுவெதுப்பானதென்று வாரத்தில் வலை வீசுவோர் இக்கணக்கைப் பார்க்கட்டும். (குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகியவற்றுக்கு நாட்கணக்கே இல்லை, உணவு மீனுக்கு அவை அறவே விலக்கு.)

மருந்திட்ட தேதியை எழுதிவைக்கவும், கெடு தீருமுன் வலை இழுக்காதிருக்கவும் குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனை சேர்ப்பது உசிதம். ஏலத்தொகை சிறிது குறையக்கூடும்; குறையினும் சேர்க்கவேண்டும்.