மேட்டுக்கு மோட்டார் சரி, பெட்டரியை எங்கே வைப்பது?

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேர் ஆயிரம். பகல் முழுக்க கூடையோடு மலை ஏறி இறங்கினால் இரண்டு லீற்றர், அதுவும் கியூவில் நின்று கிடைத்தால்தான். மூலையில் கிடந்த சைக்கிளுக்கெல்லாம் மறுபடி காற்று அடித்தது அந்த வருஷம்தான். அதில் மோட்டார் பூட்டுகிற ஆசையும் கூடவே வந்தது. பிறகு கியூஆர் வந்தது, கியூ கரைந்தது, ஆனால் ஆசை போகவில்லை. போகவும் கூடாது என்பதுதான் எங்கள் கட்சி.

பிரச்சினை என்னவென்றால், யூடியூப்பில் பார்க்கிற சைக்கிள் முக்கால்வாசி தரைநாட்டுச் சைக்கிள். பதுளை சுமார் 680 மீற்றர் உயரம், பண்டாரவளை சுமார் 1,225. நாங்க கலைப்பீடம், கணக்கு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும் போட்டுப் பார்த்தோம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து நூறு கிலோ என்று வையுங்கள். அந்த ஏற்றத்துக்கு மட்டும் 150 வாட்-அவர். மோட்டார் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்தால் 200. ரோட்டுக்கும் காற்றுக்கும் முப்பது கிலோமீற்றரில் இன்னொரு 150 போகும். சாதாரணமாகக் கட்டுகிற 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பெட்டரியில் இருப்பதே 360தான். பெடல் மிதிக்காமல் போனால் பண்டாரவளை டவுனுக்குள் நுழையும்போது பெட்டரி செத்திருக்கும். சக்கரத்துக்குள் இருக்கிற ஹப் மோட்டார் செங்குத்து மேட்டில் மெதுவாக ஊரும்போது சூடாகித் தவிக்கும். பெடல் பக்கம் பூட்டி, கியரையும் பயன்படுத்துகிற மோட்டார்தான் நம்ம மலைக்குத் தோது. விலை கூட, என்ன செய்ய.

இறக்கத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கு. சில மோட்டார்கள் இறங்கும்போது பிரேக் மாதிரி இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியைப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் நம்மில் பலருக்கு வீடு மேலே, டவுன் கீழே. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பெட்டரியோடு இறங்கினால் அந்தச் சக்திக்குப் போக இடமில்லை. பெட்டரியைக் காவல் காக்கிற பிஎம்எஸ் வாசலை மூடிவிடும். பாதி வளைவில் மோட்டார் பிரேக் கைவிட்டுவிடும். மேலே குடியிருப்பவர் எண்பது வீதத்தோடு நிறுத்துவது நல்லது. கைப்பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மோட்டாரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதெல்லாம் ஓட்டுகிறவரின் பாடு. பெட்டரி அப்படி இல்லை.

36 வோல்ட் பெட்டரி என்பது பெரும்பாலும் விரல் தடிப்பான நாற்பது செல். நாலு நாலாகப் பக்கவாட்டில் இணைத்து, அப்படிப் பத்துக் கூட்டத்தைத் தொடராகக் கட்டுவது. காசு மிச்சம் பிடிக்க பழைய லெப்டொப் பெட்டரியை உடைத்துச் செல் எடுப்பவர்கள் உண்டு. பிஎம்எஸ் பார்ப்பது ஒவ்வொரு கூட்டத்தின் வோல்ட்டேஜை மட்டும். நாலில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் மற்ற மூன்றின் நிழலில் அது ஒளிந்துகொள்ளும். அதற்கு மேல் செல்லில் நேரடியாக ஈயம் பற்றவைத்துச் சூடு ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

இதை எங்கே சார்ஜ் போடுகிறோம்? பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில், பழைய வயரிங்கில், எல்லாரும் தூங்குகிற நேரத்தில். மின்னொழுக்கால் லயத்தில் தீ என்ற செய்தியைப் படிக்காத வருஷம் நமக்கு உண்டா? ஒரு காம்பராவில் பிடித்தது கூரை வழியாக முழு லயத்துக்கும் போகும். "என் பெட்டரி, என் ரிஸ்க்" என்று தனிவீட்டுக்காரன் சொல்லலாம். லயத்தில் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நியூயோர்க்கில் 2023இல் மட்டும் இந்த வகைப் பெட்டரித் தீயில் 18 பேர் செத்தார்கள். பழைய செல்லைப் பிரித்துக் கட்டிய பெட்டரியை விற்க அந்த நகரம் அதே வருஷம் தடை போட்டது. அங்கே சான்றிதழோடு வேறு பெட்டரி வாங்கலாம், அதனால் தடை போட முடிந்தது. இங்கே தடை போட்டால் பெட்டரி கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும், அவ்வளவுதான். "பொடியன் கையால செய்யறதைக் கெடுக்காதீங்க" என்று சொல்கிறவர்களோடு நாங்களும்தான் நிற்கிறோம்.

ஆனால் செல் புதுசாக இருக்கட்டும். முடிந்தால் எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை. பாரம் கூட, ஆனால் லேசில் பற்றாது. 36 வோல்ட்டுக்கு அதில் பன்னிரண்டு தொடர், சார்ஜர் 43.8 வோல்ட். அந்தச் சார்ஜரை மற்ற வகைப் பெட்டரிக்கு மாட்டவே கூடாது, அதற்கு 42தான் எல்லை.

சார்ஜ் போடும் இடம் லயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். டிவிஷனுக்கு ஒன்று, பிரட்டுக்களத்துப் பக்கம், கல்லுச்சுவர், தகரக்கூரை, தனி மீட்டர், தனி பிரேக்கர், பகலில் மட்டும். தோட்ட நிர்வாகம், பிரதேச சபை, சங்கம் என்று மூன்று பேரிடமும் கேட்கக்கூடிய விஷயம் இது. சங்கத்துக்கு மாசச் சந்தா கட்டுகிறோம்தானே. பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கு. டிவிஷனுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ ஸ்பொட் வெல்டிங்கும் செல் சோதிப்பதும் படித்து வருவதற்கு ஒரு குறுகிய வகுப்பு, தமிழில், சனி ஞாயிறில். அதுவரைக்கும் பெட்டரியைக் கழற்றக்கூடிய மாதிரி பூட்டுங்கள். சைக்கிள் இஸ்தோப்பில் நிற்கட்டும், பெட்டரி காம்பராவுக்குள் வர வேண்டாம்.