அரபு எழுச்சியும் பாலக்கரை வீடுகளும்

துனிசியாவில் 2010 டிசம்பரில் ஒரு தள்ளுவண்டி வியாபாரி தீக்குளித்தார். அடுத்த மாதமே அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். எகிப்தில் முபாரக், லிபியாவில் கடாபி, ஏமனில் சாலே என ஆட்சிகள் வரிசையாகச் சரிந்தன. சோறும் மரியாதையும் கேட்டுத் தெருவுக்கு வந்த அந்த மக்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பலனைப் பறித்தவர்கள் வேறு. எகிப்தில் 2013இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. லிபியா ஆயுதக் குழுக்களிடம் சிக்கியது. பஹ்ரைன் போராட்டத்தை ஒடுக்க 2011 மார்ச்சிலேயே சவுதிப் படை நுழைந்தது. உள்நாட்டுப் போரில் சிக்கிய ஏமன்மீது 2015 மார்ச்சில் சவுதி கூட்டணி குண்டு வீசத் தொடங்கியது.

திருச்சியின் பாலக்கரைக்கு இது தூரத்துச் செய்தியல்ல. அரபு நாட்டுச் சம்பளத்தில் கடன் அடைத்து, மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் திருச்சியில் ஏராளம். லிபியாவிலிருந்து 2011இல் 15,000க்கு மேற்பட்ட இந்தியர்களும், ஏமனிலிருந்து 2015இல் 4,600க்கு மேற்பட்டோரும் மீட்கப்பட்டனர். பாராட்டத்தக்க பணி அது. ஆனால் உயிரோடு வந்தவரின் நிலுவைச் சம்பளம் என்ன ஆவது? ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடனை யார் கட்டுவது?

கேரளம் 1996இலேயே வெளிநாடுவாழ் மலையாளிகளுக்குத் தனித்துறை தொடங்கியது. தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியமோ வெகு தாமதமாகவே வந்தது. அது சென்னையில் இருந்தால் மட்டும் போதாது. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் ஆள் ஏறும் திருச்சி விமான நிலையத்தில், புறப்படும் ஒவ்வொரு தொழிலாளியின் முதலாளி விவரமும் ஒப்பந்த நகலும் பதிவாக வேண்டும். போரால் வேலையிழந்து திரும்புவோருக்கு வட்டியில்லாத மறுவாழ்வுக் கடனை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவிக்க வேண்டும்.