கப்பலில் யாருக்கு இடம்?

பினாங்கில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்த முகவரி: நாகூர் சாலை, எண் 28. 1929-இல் திறந்தார்கள். தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்களைக் கூட்டுவதே முடியாமல்போய் 1976-இல் மூடினார்கள். நாகூரின் பெயர் தாங்கிய தெருவில் யூதர்கள் கூடித் தொழுதது வெளியூர்க்காரர்களுக்கு வேண்டுமானால் விசித்திரமாகப் படலாம். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் ஜாலான் ஜைனல் அபிடினில் இன்றும் இருக்கிறது. அந்தச் சாலைக்குப் பழைய பெயர் ஜாலான் யாஹூடி, அதாவது யூதர் சாலை.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஒரு வாரம் முடிவதற்குள் ஆங்கிலேயர்கள் இரவோடிரவாகத் தீவைக் காலி செய்தார்கள். கப்பலில் இடம் வெள்ளையர்களுக்கு; மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கரையில். கார்ன்வாலிஸ் கோட்டையில் அனாதையாகப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஓர் இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. பினாங்கின் சின்னஞ்சிறு யூத சமூகம் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் சிங்கப்பூரும் விழுந்தது. தப்பி வந்த இடத்திலேயே பலர் முகாமில் அடைபட்டார்கள்.

போரை ஒட்டிய ஆண்டுகளில் யூதக் குழந்தைகளைக் காப்பாற்றியவர்கள் என்றால் நமக்கு உடனே நாயகர்கள் வேண்டும். பிராகிலிருந்து பிரிட்டனுக்கு 669 குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பிய நிக்கோலஸ் விண்டன், குஜராத்தின் பாலாசடியில் போலந்துக் குழந்தைகளுக்கு முகாம் அமைத்த நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி. (பாலாசடிக் குழந்தைகள் அனைவரும் யூதர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், யூதர்கள் சிலரே.) இருவரும் பெரிய மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தை பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலக மேசையில் தீர்மானமானது. விண்டன் அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் பிரிட்டன் 50 பவுண்டு பிணைத்தொகை கேட்டது. பெற்றோருக்கு அனுமதி இல்லை. 1939-இல் 20,000 குழந்தைகளை ஏற்கச் சொன்ன மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றம் கிடப்பில் போட்டே கொன்றது. தெஹ்ரானில் தவித்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட யூதக் குழந்தைகளுக்கு ஈராக் வழிவிடவில்லை. பக்கத்து நாட்டைத் தாண்டிப் போகவேண்டிய பிள்ளைகள் கப்பலேறிக் கராச்சிக்கு வந்து, கூடாரங்களில் தங்கி, மறுபடி கப்பலேறி, சூயஸ் வழியாக 1943 பிப்ரவரியில் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. கார்ல் டுல்டிக் என்ற வியன்னா சிற்பி நாஜிகளிடமிருந்து தப்பி, மனைவியுடனும் கைக்குழந்தை ஈவாவுடனும் சிங்கப்பூர் வந்தார். அப்போது பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே ஆட்சியின் கீழ். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிவிட்டதால் காகிதப்படி அவர்கள் ஜெர்மானியர்கள். எனவே எதிரி நாட்டார்! யாருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அவனுடைய ஆட்கள் என்றே முத்திரை விழுந்தது. 1940 செப்டம்பரில் 'குயின் மேரி' கப்பலில் ஏற்றி, ஆஸ்திரேலியாவின் டட்டுரா முகாமில் முள்வேலிக்குள் வைத்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையும் எதிரிதான். ஆனால் அந்த மடத்தனம்தான் அவர்களை ஜப்பானியர் கையில் சிக்காமல் காப்பாற்றியது. ஈவா வளர்ந்து விம்பிள்டனில் டென்னிஸ் ஆடினார். இதைக் கருணை என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

2010 ஏப்ரலில் 75 ஈழத் தமிழர்களுடன் ஒரு படகு பினாங்குக் கடலில் பிடிபட்டது. குழந்தைகளும் இருந்தார்கள். இறங்கமாட்டோம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தடுப்பு முகாமுக்குத்தான் போனார்கள். அன்று பதறிய நம்மவர்களில் எத்தனை பேர், சந்தையில் கூடை தூக்கும் ரோஹிங்கியாவின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டிருக்கிறோம்? அகதி என்று காட்டும் 'யூ.என். கார்டு' இருந்தாலும் அரசாங்கப் பள்ளியில் அதற்கு இடமில்லை. நம் மலேசியக் குடிநுழைவுச் சட்டம் அகதியையும் கள்ளக்குடியேறியையும் வேறு பிரித்துப் பார்ப்பதில்லை.

மனம் இருந்தால் கதவு திறக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் காசாவிலிருந்து காயம்பட்டவர்களும் குடும்பத்தாருமாக 127 பேரை அரசாங்கமே விமானத்தில் அழைத்துவந்தது. செய்யவேண்டிய காரியம். அதே கை இன்னொரு கையெழுத்தையும் போடலாம்.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி என்று சொல்லும் 28-ஆம் பிரிவின் அந்த வரிக்கு இன்றுவரை விலக்கு வைத்திருக்கிறது. பினாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் அந்த விலக்கை நீக்கக் கோரட்டும்.