போதும் என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்

மதுரையில் வணிகம் செய்யும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "இரண்டாவது கடை எப்போது?" என்பது. இருக்கும் கடையின் வருவாய் வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் போதுமானதாக இருந்தாலும், வளராத வணிகம் தோற்ற வணிகம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அதுவே நம்மில் சிலரை வட்டிக் கடன்வரை இழுத்துச் செல்கிறது. ஹராம் என்று அறிந்தும், "தொழிலுக்கு வேறு வழியில்லை" என்கிறோம். தொழிலுக்கு வழி இருந்தது, வேகத்துக்குத்தான் இல்லை.

இஸ்லாம் இலாபத்தை வெறுக்கவில்லை. ஜும்ஆவின் பாங்கொலி கேட்டதும் வியாபாரத்தை நிறுத்தச் சொல்லும் மார்க்கம், தொழுகை முடிந்தபின் அல்லாஹ்வின் அருளைத் தேடிச் செல்லவும் சொல்கிறது. ஆனால் சேர்ப்பதிலேயே போட்டியிடுவதைத் திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயமான அத்தகாஸுர் கடுமையாக எச்சரிக்கிறது.

"வளராவிட்டால் நிலைக்க முடியுமா?" என்று கேட்கலாம். எது வளர வேண்டும் என்பதே கேள்வி. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் இதே மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தியவர்களால் கிடைத்த உபரி, செலுத்த இயலாதவர்களின் சிகிச்சைக்குப் பயன்பட்டது. அவரோ மருத்துவமனையில் ஊதியம் பெறாமல் தம் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் அன்று இறக்குமதியாகி, ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. அதை மலிவாகத் தயாரிக்க 1992இல் ஆரோலேப் நிறுவப்பட்டது. அந்நிறுவனம் பெரிதும் வளர்ந்தது உண்மையே. ஆயினும் வளர்ந்தது நிறுவனரின் செல்வமன்று. பார்வை பெற்றோரின் எண்ணிக்கை.

ஒரு சிறு கடைக்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் ஜகாத்துக்காக இரண்டரை சதவீதம் கணக்கிடும் நாளில், இன்னொரு கணக்கையும் எழுதுவோம்: நம் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு போதும்? மனைவி மக்களுடன் கலந்து அத்தொகையை முடிவு செய்வோம். மந்தமான மாதங்களுக்கான இருப்பை ஒதுக்கியபின் எஞ்சுவதில் ஊழியரின் சம்பளத்தை உயர்த்தலாம். பொருளின் விலையைக் குறைக்கலாம். தொழில் தொடங்கத் தவிக்கும் ஓர் இளைஞருக்கு வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்கலாம். நம் இரண்டாவது கடை, அவருடைய முதல் கடையாக அமையட்டும்.

நம் வருவாயில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.