காயம்பட்ட பறவையை வீட்டில் வளர்க்கலாமா? எங்கள் நிலைப்பாடு

கீழே விழுந்த கிளிக்குஞ்சை எடுத்து வளர்ப்பவர்களும், பறக்க முடியாத பருந்துக்கு மொட்டைமாடியில் இடம் கொடுத்தவர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நல்லாத்தானே பாத்துக்கறோம், இதுல என்ன தப்பு?" சென்னையில் காட்டுப் பறவைகளை மீட்கும் பணியில் இருக்கும் தன்னார்வலர்கள் என்ற முறையில் எங்கள் பதிலைச் சொல்லிவிடுகிறோம். வளர்க்கக் கூடாது. பறவை தன் இடத்துக்கே பறந்து திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அதை மீட்கிறோம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. அன்போடு செய்யும் காரியங்களே பறவையைக் கொல்வதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

மயங்கிக் கிடக்கும் பறவையைக் கண்டதும் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் அதற்குள் போய்விட்டால், காயத்தில் சாகாத பறவை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பாலும் கொடுக்கக் கூடாது. அதைச் செரிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே தின்று வளரும் ஆந்தைக்குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் கால் எலும்பு வளைந்துவிடும். பிறகு அதனால் இரையைப் பற்ற முடியாது. மனிதர் கையிலேயே தின்று பழகிய குஞ்சு மனிதரைத் தன் இனமாக எண்ணிக்கொள்ளும். அதை வெளியே விட்டால் நாயிடமும் பூனையிடமும் தப்பத் தெரியாது.

காலம் கடத்துவதும் ஆபத்து. பறவையின் எலும்பு இரண்டு மூன்று வாரத்திலேயே கூடிவிடும். கோணலாகக் கூடிவிட்டால் திருத்துவது மிகக் கடினம். பட்டம் விடும் மாஞ்சா நூல் அறுப்பது பெரும்பாலும் எலும்பை அல்ல. இறக்கையின் முன்விளிம்பில், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே விரியும் மெல்லிய தோலை. அதனுள் ஓடும் தசைநாண் அறுந்தால் பறவை இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. சுற்றிய நூலை அங்கேயே பிடித்து இழுத்தால் வெட்டு இன்னும் ஆழமாகும். பறவையிலிருந்து சற்றுத் தள்ளி நூலை வெட்டிவிட்டு, மிச்சத்தை மருத்துவரிடம் விடுங்கள்.

எல்லாப் பறவைக்கும் மீட்பு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. அருகிலுள்ள கிளையில் ஏற்றி வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். ஐப்பசி வாக்கில் வலசை வரும் ஆறுமணிக் குருவி களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைந்துவிடுவதுண்டு. காயமில்லை என்றால், இருட்டான பெட்டியில் சற்று ஓய்வு கொடுத்து மரநிழலில் விட்டுவிடலாம்.

எங்களுக்குள்ளேயே நெடுநாள் விவாதம் நடந்தது, இனி ஒருபோதும் பறக்கவே முடியாத பறவையைப் பற்றித்தான். நாள் முழுதும் வானில் வட்டமிடும் கரும்பருந்தை, ஒரு சிறகு இழந்த நிலையில், ஆயுள் முழுதும் கூண்டில் வைப்பதை இரக்கமாக எங்களால் கருத முடியவில்லை. தீராத வலியில் இருக்கும், கிளையில் உட்காரக்கூட இயலாத பறவைக்கு வலியற்ற முடிவைத் தருவதை, வனத்துறையின் ஒப்புதலோடு மருத்துவர் தீர்மானித்தால், நாங்கள் ஆதரிக்கிறோம். இந்த முடிவுக்கு வருவது எங்களில் யாருக்கும் எளிதாக இல்லை. வலியில்லாமல், துணைப் பறவைகளோடு வாழக்கூடியதற்கு உயிரியல் பூங்காவில் இடம் கேட்போம்; யார் வீட்டிலும் அல்ல.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. சிற்றூரில் அடிபட்ட கூகையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எங்கே ஓடுவார்? மாவட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவருக்காவது காட்டுப் பறவை சிகிச்சையில் பயிற்சி கொடுங்கள். சத்தமில்லாத ஒரு தனி அறை ஒதுக்குங்கள். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. இன்றும் அது விற்கப்படுகிறது. விற்பவரைப் பிடிக்காதவரை நாங்கள் தையல் போட்டுக்கொண்டேதான் இருப்போம்.

பொதுமக்களிடம் கேட்பது கொஞ்சம்தான். அடிபட்ட பறவையைத் துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். உணவோ தண்ணீரோ வேண்டாம். படமும் எடுக்க வேண்டாம். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே வனத்துறைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ சேர்த்துவிடுங்கள்.