ஏழு வேண்டாம், இரண்டு போதும்

"பதினொரு நாட்களில் ஏழு நாடுகள்" என்று அச்சிட்ட தாளொன்றைப் பெருநாளுக்கு மறுநாள் வாப்பா கொண்டு வந்தார். தம்பி துள்ளினான். உம்மா அதை வாங்கி நிதானமாக வாசித்துவிட்டு, "இதில் தூங்குவது எந்த நாட்டில்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தின் முதலாவது ஐரோப்பியப் பயணம் பற்றிய விவாதம் அங்கேதான் ஆரம்பித்தது.

உம்மா கேட்டது நியாயம் என்பதே என் கருத்து. ஏழு நாடுகளைப் பார்ப்பது என்பது பெரும்பாலும் ஏழு நாடுகளின் நெடுஞ்சாலைகளை பஸ் ஜன்னலால் பார்ப்பதுதான். வாப்பாவின் பல வருடச் சேமிப்பை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. பிரான்சும் ஸ்பெயினும் போதும் என்று முடிவாயிற்று. பாரிஸ், ஈபிள் கோபுரம் என்று நச்சரிக்கும் தம்பிக்காக. ஸ்பெயின், இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் குர்துபாவையும் கிரனாடாவையும் படித்த எனக்காக.

"இந்தக் காசுக்கு உம்ராவுக்குப் போயிருக்கலாமே" என்றார் மாமி. கேட்க வேண்டிய கேள்விதான். உம்ராவுக்கான பணத்தை வாப்பா முதலிலேயே வேறாக எடுத்து வைத்திருந்ததால், விஷயம் அத்துடன் முடிந்தது.

பலர் பிழை விடுவது விசாவில். இரண்டுமே ஷெங்கன் நாடுகள் என்பதால் விசா ஒன்றுதான். ஆனால் கூடுதல் நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்களுக்குப் பாரிஸில் 4 இரவுகள், ஸ்பெயினில் 6. ஆகவே ஸ்பெயினிடம். வளர்ந்தவருக்கு 90 யூரோ, 11 வயதுத் தம்பிக்கு 45. மொத்தம் 315 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டுகளை வாங்குவது எனக்குச் சூதாட்டமாகவே தெரிகிறது.

வாப்பா ஓகஸ்ட் விடுமுறையைச் சொன்னார். அப்போது குர்துபாவில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். டிசம்பரில் பாரிஸில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதனால் ஏப்ரல். அதிலும் ஈஸ்டர் வாரத்தை விட்டுவிட்டோம். அந்தலூசியா நகரங்களில் அந்த வாரம் ஊர்வலங்கள் நடக்கும், தங்குமிட விலையும் ஏறிவிடும். பாரிஸில் இறங்கி, பார்சிலோனாவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரப் புகையிரதத்தில் போய், கடைசியில் மட்ரிட்டிலிருந்து விமானம் ஏறினால் வந்த வழியே திரும்பும் அலைச்சல் இல்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்த எங்களுக்கு உம்மாவிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஹலால் சாப்பாடு, செலவு மிச்சம் என்ற இரண்டு காரணங்களைச் சொல்லி, சமையலறையுள்ள வீடுகளையே வாப்பா தேடிக்கொண்டிருந்தார். நானும் கூடவே தேடினேன். "அங்கே ஆர் சமைக்கிற?" என்று உம்மா கேட்டபோது இருவரிடமும் பதில் இல்லை. பத்தொன்பது வருடமாக நின்ற அடுப்படியை விட்டு இன்னோர் அடுப்படிக்கு விமானம் ஏறுவதை அவருக்குச் சுற்றுலா என்று சொல்ல முடியுமா? நம் வீடுகளில் பலவற்றில் கதை இதுதான். பயணம் வீட்டாருக்கு, பயணத்தின் வேலை உம்மாவுக்கு.

அவருக்கு என்ன வேண்டும் என்று பிறகு கேட்டோம். "ஒரு தோட்டத்தில ஒரு நாள் சும்மா இருக்கணும்" என்றார்.

அதன்பின் திட்டம் மாறியது. கிரனாடாவுக்கு ஒரு நாள் கூடியது, பார்சிலோனாவில் ஒரு நாள் குறைந்தது. அல்ஹம்ராவின் நஸ்ரித் மாளிகைக்குள் டிக்கெட்டில் குறித்த நேரத்திலேயே நுழைய வேண்டும்; டிக்கெட்டுகளும் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். ஆனால் பக்கத்திலுள்ள ஜெனரலீஃபே தோட்டத்தில் அவசரமில்லை. 1236இல் தேவாலயமாக மாற்றப்பட்ட குர்துபாப் பள்ளியில் தொழ அனுமதியில்லை என்று அறிந்து வாப்பா வருந்தினார். கிரனாடாவில் அல்ஹம்ராவுக்கு எதிர்மேட்டில் 2003இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது, அங்கே தொழலாம்.

சாப்பாடு? பாரிஸில் ஹலால் கடைகளுக்குக் குறைவில்லை. ஸ்பெயினில் இனிப்புப் பண்டங்களில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு, அதனால் சிட்டையை வாசித்துத்தான் வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. இரவுச் சாப்பாட்டை வாப்பா வெளியில் வாங்கி வருவார். காலைச் சாப்பாடு தம்பியின் முறை. இப்போதிருந்தே முட்டை பொரிக்கப் பழகுகிறான். நேற்றுப் பொரித்ததைப் பூனையும் தொடவில்லை.